விம் டைமருக்குத் தானியங்கிச் சோதனை: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பிறகு ஒரு குறை, ஒரு நிறை

விம் என்னும் உரைத்தொகுப்பிக்கான தம்முடைய பிளகினில் (கூடுதல் வசதி தரும் துணைநிரலில்) தானாகக் கோப்பைச் சேமிக்கும் வசதியைச் சேர்க்கவிருக்கும் நண்பர் ஒருவர், டைமர் கால்பேக்குகளை, அதாவது குறித்த நேரம் கழிந்ததும் விம் தானே அழைக்கும் செயற்கூறுகளை, சோதிக்க விம்மோடு வரும் சோதனைச் செயற்கூறுகளே போதுமா என்று கேட்டிருந்தார். 2016 செப்டம்பரில் வெளியான 8.0 பதிப்பிலிருந்தே டைமர் இருப்பதால் அதன் அடிப்படைகளை விட்டுவிடுகிறேன். என் பிளகினின் சோதனை, வாடகை இயந்திரமொன்றில் காரணமில்லாமல் மறுபடியும் தோற்றுப்போன வாரத்தில் இந்தக் கேள்வி வந்தது. பதிலில் சூடு சற்று அதிகமாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எரிச்சலின் பெயர் டெஸ்ட்_செட்டைம். சோதனைக்காகவே விம் தரும் இந்தச் செயற்கூறு, விம் உள்ளுக்குள் பயன்படுத்தும் நேரத்தை நம் விருப்பப்படி மாற்றித் தரும். ஆனால் அது கட்டளை வரலாற்றிலும் அன்டூவிலும் பதியும் நேரக்குறிப்புகளை மட்டுமே தொடுகிறது. டைமர்களுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பெயரைப் பார்த்து ஆசைப்பட்டு உதவிக் குறிப்பின் இரண்டாம் வரியில் ஏமாறாத பிளகின் எழுத்தாளர் குறைவாகவே இருப்பார். ஆகவே 500 மில்லிவினாடி கழித்து ஓட வேண்டிய கால்பேக்கைச் சோதிக்க, 500 மில்லிவினாடி உண்மையாகவே காத்திருக்க வேண்டியிருக்கிறது.

அந்தக் காத்திருப்பும் நேர்வழியில் அமைவதில்லை. விம் உள்ளீட்டுக்காகக் காத்திருக்கும்போதுதான் கால்பேக் ஓடும் என்பதால், சோதனைக்குள் வெறும் வைல் சுழற்சியில் சுற்றிக்கொண்டிருந்தால் டைமர் எத்தனை நேரமானாலும் ஓடாது. இடையிடையே ஸ்லீப் கட்டளை கொடுத்து வழிவிட வேண்டும். விம்மின் மூலநிரல் தொகுப்பிலுள்ள வெயிட்ஃபார்அசெர்ட் என்னும் துணைச் செயற்கூறு இதைத்தான் செய்கிறது: சற்றுத் தூங்கும், நிபந்தனை நிறைவேறியதா என்று பார்க்கும், மீண்டும் தூங்கும். நாம் நிறுவும் விம்மில் அது வராது. படியெடுத்து நம் களஞ்சியத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கால்பேக் முன்கூட்டியே ஓடவில்லை என்பதை உறுதிசெய்வது எளிது. இவ்வளவு நேரத்துக்குள் ஓடிவிட்டது என்று மேல்வரம்பு வைக்கும்போதுதான் வம்பு தொடங்குகிறது. சுமையேறிய இயந்திரத்தில் எந்த வரம்பும் ஒருநாள் மீறப்படும். விம்மின் சொந்தச் சோதனைகளிலேயே சுமைக்கேற்ப வரம்பை நீட்டவும், நிலையற்ற சோதனை என்று கொடி வைத்துத் தோற்றதை மறுபடி ஓட்டவும் ஏற்பாடு இருக்கிறது என்பதைப் பார்த்தால், இந்தத் தலைவலி எனக்கு மட்டும் வந்ததல்ல என்று புரிகிறது.

இனி நியாயமாகப் பேச வேண்டிய பகுதி. டைமர்_இன்ஃபோ என்னும் செயற்கூறு, ஒவ்வொரு டைமருக்கும் மொத்த நேரம், எஞ்சிய நேரம், மீள்முறை, நிறுத்திவைக்கப்பட்டதா என்ற விவரங்களோடு கால்பேக்கையும் அழைக்கத்தக்க ஃபன்க்ரெஃபாகவே (செயற்கூற்றைச் சுட்டும் மதிப்பாகவே) கையில் தருகிறது. பிளகின் டைமரைத் தொடங்கியதும் அந்த விவரத்தை எடுத்து, நேரம் 500தானா என்று சரிபார்த்து, டைமரை நிறுத்திவிட்டு, அதன் கால்பேக்கை அதே அடையாள எண்ணுடன் நாமே அழைத்துவிடலாம். கடிகாரம் தேவையில்லை, சோதனை கண்ணிமைக்கும் நேரத்தில் முடிகிறது. இதற்காக பிளகினின் உட்செயற்கூறுகளை வெளியே திறந்துவிட வேண்டியதும் இல்லை. என் சோதனைகளில் பெரும்பாலானவற்றை இந்த முறைக்கு மாற்றியபின், உண்மையாகக் காத்திருப்பது ஒன்றே ஒன்றுதான். இந்த வாரம் தோற்றதும் அதுவேதான்.

இரு மதிப்புகள் சமமா என்று சரிபார்க்கும் அசெர்ட்_ஈக்வல் போன்ற செயற்கூறுகள் தோல்வியைப் பிழையாக எறியாமல் வி:எரர்ஸ் என்னும் பொதுப் பட்டியலில் சேர்ப்பதும் இங்கே வரமாக அமைகிறது: கால்பேக்கினுள் வைத்த சரிபார்ப்பு தோற்றாலும் அது தொலைந்துபோகாமல் பட்டியலில் வந்து நிற்கும். கால்பேக் ஓடவே இல்லையென்றால் பட்டியல் காலியாக இருந்து சோதனை வென்றதாகவே காட்டும் என்பதால், எத்தனை முறை ஓடியது என்ற எண்ணிக்கையையும் வெளியே சரிபார்ப்பது கட்டாயம். மீள்முறை டைமர் தொடர்ந்து மூன்று முறை பிழை எழுப்பினால் விம் அதைத் தானே நிறுத்திவிடும்; பிளகினுக்குள்ளேயே பிடிக்கப்பட்ட பிழை அந்தக் கணக்கில் சேராது. இவ்விரண்டையும் சோதித்துப் பார்த்தவரையில் ஒருமுறையும் பிசகியதில்லை.

இவ்வளவு புகழ்ந்தபின்னும் நண்பருக்கு நான் எழுதிய பதில், டைமரே வேண்டாம் என்பதுதான். பயனர் தட்டச்சை நிறுத்தியதும் சேமிக்க வேண்டும் என்றால் சற்று நேரம் எந்த விசையும் அழுத்தப்படாதபோது விம் எழுப்பும் கர்சர்ஹோல்டு, கர்சர்ஹோல்டுஐ நிகழ்வுகள் போதும். சோதனையில் டூஆட்டோகமாண்ட் கட்டளை கொடுத்து எந்த நொடியிலும் அவற்றை எழுப்பலாம். அந்தக் காத்திருப்பைக் குறிக்கும் அப்டேட்டைம் அமைப்பு இயல்பாக 4000 மில்லிவினாடி என்பதும், அதைக் குறைத்தால் சேமிக்காத மாற்றங்களை மீட்க விம் வைத்திருக்கும் ஸ்வாப் கோப்பை எழுதும் இடைவெளியும் சேர்ந்து குறையும் என்பதும் இடைஞ்சல்கள்தாம், அவர் தாங்கிக்கொள்வார். என் பிளகினிலிருந்து டைமரை எடுக்கப்போகிறேனா என்று அவர் திருப்பிக் கேட்டார். எடுக்கப்போவதில்லை, அந்த ஒரு சோதனைக்கு மட்டும் மேல்வரம்பை நீக்கிவிட்டேன்.