நாய்க்காக வாங்குன கேமரா, பூனைக்குத்தான் உதவுச்சு: எட்டு மாச ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடறேன், இது யார்கிட்டயும் காசு வாங்கிட்டு எழுதற ரிவ்யூ இல்ல. கம்பெனி பேரும் சொல்லப்போறதில்ல, ஏன்னா வீட்ல தனியா இருக்கற நாய் பூனைய போன்ல பாக்கறதுக்கு விக்கற இந்த பெட் கேமரா வகையறா எல்லாம் உள்ள ஏறக்குறைய ஒரே சரக்குதான், மேல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்தான் வேற. நான் வாங்குனது கழுத்த சுத்தித் திருப்பற டைப், ரெண்டு பக்கமும் பேசலாம், இருட்டுலயும் தெரியும், அது கூடவே ஒரு டப்பா இருக்கு, ஆப்ல பட்டன அமுக்குனா அதுல இருந்து ட்ரீட், அதாவது தீனித் துண்டு ஒண்ணு டப்புனு பறந்து வந்து தரையில விழும். எட்டு மாசம் யூஸ் பண்ணதுல கேமராவப் பத்தி தெரிஞ்சுக்கிட்டத விட, வளக்கறதுக்கு நாய் நல்லதா பூனை நல்லதான்னு எங்க வீட்ல வருஷக்கணக்கா ஓடற சண்டையப் பத்தி தெரிஞ்சுக்கிட்டதுதான் அதிகம்.

எங்க வீட்ல ரெண்டும் இருக்கு. ஜிம்மி, ஆறு வயசு நாய். சுண்டு, மூணு வயசு கடுவன் பூனை, கருத்தடை ஆபரேஷன் எல்லாம் பண்ணியாச்சு. நான் நாய்க் கட்சி, என் தம்பி பூனைக் கட்சி. ரெண்டு பேரும் காலைல வேலைக்குப் போனா திரும்ப சாயங்காலம்தான். ஒருநாள் பக்கத்து வீட்டம்மா என்னை நிறுத்தி, "உங்க நாய்க்கு உடம்பு ஏதும் சரியில்லையாம்மா, பகல்ல அழுதுகிட்டே கெடக்குதே"ன்னு கேட்டாங்க. குலைக்குதுன்னு சண்டைக்கு வந்திருந்தா கூட பரவால்ல, அழுதுன்னு சொன்னது அன்னிக்கு பூரா மனச அறுத்துகிட்டே இருந்துச்சு. அன்னிக்கு ராத்திரியே ஆர்டர் போட்டேன்.

மொத நாள் வீடியோ இன்னும் போன்ல வச்சிருக்கேன். 8.50க்கு கதவப் பூட்டறேன். ஜிம்மி கதவுக்கும் ஜன்னலுக்கும் நாலு தடவை நடக்குது. 8.53க்கு தலைய மேல தூக்கி ஒரு ஊளை. அந்த மாதிரி ஒரு சத்தம் நான் வீட்ல இருக்கறப்ப அது போட்டதே இல்ல. 25 நிமிஷம் விட்டு விட்டு அப்படியே. அப்புறம் கழட்டிப் போட்டிருந்த என் செருப்ப வாயில கவ்வி எடுத்துட்டு வந்து, கடிக்கல, சும்மா கன்னத்துக்கு அடில வச்சுகிட்டு கதவோரமா படுத்துடுச்சு. அடுத்த நாலு மணி நேரம் அந்த எடத்த விட்டு நகரவே இல்ல, லிப்ட் சத்தம் கேட்டா காது மட்டும் நிமிருது. இதே நேரத்துல சுண்டு என்ன பண்ணுச்சுன்னு கேக்கறீங்களா, பிரிட்ஜ் மேல தூங்குச்சு. 8.50க்கும் தூக்கம், 12.50க்கும் தூக்கம், நடுவுல ஒரு தடவை பக்கம் மாத்திப் படுத்துச்சு. பூனை ஒரு நாளைக்கு 12ல இருந்து 16 மணி நேரம் தூங்கும்னு படிச்சிருக்கேன், இது மீதி நேரத்துலயும் அதுக்குத்தான் ரெடியாகுதுன்னு நெனைக்கறேன்.

சரி, குரல் கேட்டா ஜிம்மிக்கு ஆறுதலா இருக்கும்னு நெனச்சு ஸ்பீக்கர்ல "ஜிம்மி, அக்கா வந்துடுவேண்டா"ன்னு சொன்னேன். பெரிய தப்பு. துள்ளி எழுந்துச்சு, சோபாவுக்குப் பின்னாடி தேடுச்சு, பாத்ரூம் கதவத் தள்ளிப் பாத்துச்சு, கேமராவ மோந்து பாத்துச்சு, ஆள் எங்கயும் இல்லன்னு தெரிஞ்சதும் மறுபடி ஊளை, மொதல்ல இருந்து. ஆபீஸ் படிக்கட்டுல உக்காந்து போனப் பாத்துட்டு இருந்த எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. விளம்பரத்துல இதத்தான் "உங்க செல்லத்தோட எப்பவும் கூடவே இருங்க"ன்னு போட்டிருக்காங்க. எல்லா நாயும் இப்படின்னு சொல்லல, ஆனா பிரிவுப் பதட்டம் இருக்கற நாய்க்கு இந்த ஸ்பீக்கர ஆன் பண்றது கிட்டத்தட்ட தண்டனை.

சுண்டுவக் கூப்பிட்டேன். இடது காது மட்டும் கேமரா பக்கம் திரும்புச்சு. கண்ணு தொறக்கல. திரும்பக் கூப்பிட்டேன், திரும்பவும் காது, அவ்ளோதான். "பாத்தியா, இதுக்கு பாசமே கெடையாது"ன்னு தம்பிகிட்ட சொன்னா, "அக்கா, அதுக்கு நல்லா கேக்குது, மதிக்கலை, ரெண்டும் வேற"ங்கறான். அவன் சொன்னது விளையாட்டில்லன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. 2013ல ஜப்பான்ல 20 பூனைங்கள வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணிருக்காங்க, வேற ஆளுங்க குரலோட நடுவுல வளக்கறவங்க குரலையும் போட்டுக் காட்டுனப்ப அதுங்களுக்கு வித்தியாசம் தெரிஞ்சிருக்கு, ஆனா எழுந்து வரல, வாலாட்டல, காதையும் தலையையும் மட்டும் அசைச்சிருக்கு. சுண்டுவோட இடது காதுக்கு விஞ்ஞான ஆதாரம் இருக்கு.

யோசிச்சா நியாயம்தான். நாய் கூட்டமா வாழற ஓநாய் வம்சம், மனுஷங்க கூட குறைஞ்சது 15,000 வருஷமா ஒட்டிகிட்டு இருக்கு, அதுக்கு கூட்டம்னா நாமதான், கூட்டம் கதவப் பூட்டிட்டு போனா அது என்னன்னு எடுத்துக்கும். பூனையோட முன்னோர் வறண்ட பூமில தனியா வேட்டையாடற காட்டுப்பூனை, தானியம் சேத்து வச்ச எடத்துல எலி இருக்குன்னு வந்து அப்படியே நம்ம கூட செட்டில் ஆனது. நாம இல்லன்னா அதுக்கு அன்னிக்கு லீவு.

ட்ரீட் டப்பாவப் பத்தி ஒரு வார்த்தை. மோட்டார் "விர்ர்"னு சுத்தறதுக்கும் ட்ரீட் விழறதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு ஜிம்மி ரெண்டே நாள்ல கண்டுபிடிச்சுடுச்சு. சாப்பாட்டுக்கு முன்னாடி மணியடிச்சுப் பழக்கி, மணிச் சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊற வச்ச விஞ்ஞானி பாவ்லோவுக்கு மணி, எனக்கு மோட்டார். கொஞ்ச நாள்ல கேமரா கழுத்தத் திருப்புனாலே எச்சில் ஊத்த ஆரம்பிச்சுது, ஏன்னா அதுவும் அதே மாதிரி சத்தம். அழுகை குறைஞ்சுடுச்சுன்னு நான் சந்தோஷமா அமுக்கித் தள்ள, ஒன்றரை மாசத்துல வெயிட் ஏறிடுச்சு. ஒரு நாள் சாப்பாட்டோட கலோரில பத்துல ஒரு பங்குக்கு மேல ட்ரீட் போகக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்க, நான் எவ்ளோ குடுத்தேன்னு அவங்ககிட்ட சொல்லவே இல்ல. சுண்டு ட்ரீட்டத் தொடல, ஆனா அது விழற ஓட்டைக்குள்ள கைய விட்டு நோண்டி நோண்டி ஒருநாள் கேமராவையே ஷெல்ப்ல இருந்து கீழ தள்ளி விட்டுடுச்சு. ஒண்ணும் உடையல, அந்த விஷயத்துல தரம் நல்லாதான் இருக்கு.

கீழ தள்ளுனது எவ்ளோ நல்லதாப் போச்சுன்னு பின்னாடி தெரிஞ்சுது. ஷெல்ப்ல வேணாம்னு தம்பி கேமராவ நடைல சுவத்துல மாட்டுனான், அங்க இருந்து பாத்தா ஒரு மூலைல சுண்டுவோட லிட்டர் பாக்ஸும், அதான் அது ஒண்ணுக்கு ரெண்டுக்குப் போற பெட்டியும் தெரியும். கண்றாவியா இருக்குன்னு நான் சண்டை போட்டேன்.

மூணு வாரம் கழிச்சு ஒரு செவ்வாய்க்கிழமை, 11 மணில இருந்து 12 மணிக்குள்ள போன்ல ஒம்போது அலர்ட். எரிச்சலோட தொறந்து பாத்தேன். சுண்டு பாக்ஸுக்குள்ள போகுது, குந்துது, ஒண்ணும் வரல, வெளிய வந்து அடில நக்குது, ரெண்டு நிமிஷத்துல திரும்ப உள்ள. மலச்சிக்கல் போலன்னு நெனச்சு, எதுக்கும் இருக்கட்டும்னு கிளிப்ப டாக்டருக்கு அனுப்புனேன். உடனே போன் வந்துச்சு. "ஆண் பூனைதானே? எந்த வேலை இருந்தாலும் விட்டுட்டு இப்பவே தூக்கிட்டு வாங்க." போனோம். வயித்த அமுக்கிப் பாத்துட்டு, மூத்திரப்பை பந்து மாதிரி கல்லா இருக்குன்னாங்க. ஆண் பூனைக்கு மூத்திரம் போற குழாய் ரொம்ப மெல்லிசு, அதுல மணல் மாதிரி துகளும் சளியும் சேந்து அடைச்சுடுமாம், மூத்திரம் வெளிய போகலைன்னா ரத்தத்துல பொட்டாசியம் ஏறி இதயத்தப் பாதிக்கும், கவனிக்காம விட்டா ரெண்டு மூணு நாள்ல உயிர் போயிடும். மயக்க மருந்து குடுத்து, டியூப் போட்டு, மூணு நாள் அங்கயே வச்சிருந்தாங்க.

அதுக்கு முந்தின ராத்திரி சுண்டு வழக்கம் போல சாப்ட்டுச்சு, பிரிட்ஜ் மேல உக்காந்துச்சு, என் தோள்ல ஏறி இறங்குச்சு. ஒரு முனகல் கெடையாது. கல்லுளிமங்கன். தனியா வாழ்ந்த மிருகம் வலிய வெளிய காட்டுனா வேற மிருகத்துக்கு இரையாயிடும், அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ள வந்தும் விடலன்னு டாக்டர் சொன்னாங்க. தண்ணியும் கம்மியாதான் குடிக்கும், அதுவும் அந்த வறண்ட பூமிப் பரம்பரைக் குணம்தான். இப்ப வீட்ல மூணு எடத்துல தண்ணிக் கிண்ணம், லிட்டர் பாக்ஸுக்கு தள்ளி, சாப்பாடும் ஈரப்பதமான டைப்புக்கு மாத்தியாச்சு.

இங்கதான் எனக்கு பொறி தட்டுச்சு. ஜிம்மிக்கு ஒண்ணுன்னா ஊரே கூடிடும், முள்ளு குத்துனா மூணு கால்ல நடந்து வந்து கைய நீட்டும். அது சொல்றத கேக்க கேமராவே வேணாம், பக்கத்து வீட்டம்மாவே கேட்டுட்டாங்க. கேமரா எனக்கு ஜிம்மியப் பத்தி காட்டுனதெல்லாம் ஏற்கனவே தெரிஞ்ச விஷயத்த, தெரியாத மாதிரி இருந்தேன், அவ்ளோதான். சுண்டு விஷயத்துல அது காட்டலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்க வழியே இல்ல. ஆனைக்கு ஒரு காலம்னா பூனைக்கும் ஒரு காலம்னு தம்பி ரெண்டு வாரம் சொல்லிட்டு திரிஞ்சான்.

இன்னொரு தடவையும் இதே கேமரா பயமுறுத்துச்சு. ஜிம்மிக்கு உண்ணிக்கு கழுத்துல சொட்டு மருந்து விட்டுட்டு ஆபீஸ் போயிட்டேன், மதியம் பாத்தா சுண்டு ஜிம்மி கழுத்துலயே மூஞ்சிய தேச்சுட்டு இருக்கு. நாய்க்குப் போடற சில மருந்துல பெர்மெத்ரின்ங்கற பூச்சிக்கொல்லி இருக்கும், அது நாய்க்கு ஒண்ணும் பண்ணாது, பூனையோட ஈரலால அத ஒழுங்கா ஒடைச்சு வெளியேத்த முடியாது, நடுக்கம் வலிப்பு வரைக்கும் போகும். தம்பி ஓடிப்போய் அட்டைப்பெட்டியப் பாத்தான், நல்லவேளை அது வேற மருந்து. ரெண்டையும் சேத்து வளக்கறவங்க தயவுசெஞ்சு பெட்டிய வாங்கும்போதே படிங்க, நாங்க மாதிரி பூசுன பின்னாடி படிக்காதீங்க.

இனி குறைங்க. வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ்ல மட்டும்தான் வேலை செய்யுது, இது தெரியாம மொத நாள் ரெண்டு மணி நேரம் மண்டைய ஒடைச்சுகிட்டேன். கரண்ட் போனா கேமராவும் போச்சு, உள்ள பேட்டரி கெடையாது. பழைய வீடியோ வேணும்னா மாசச் சந்தா கட்டுன்னு தொல்லை, மெமரி கார்டு போட்டா சந்தா தேவையே இல்ல, ஆனா அந்த ஆப்ஷன செட்டிங்ஸ்ல அஞ்சாவது பக்கத்துல புதைச்சு வச்சிருக்காங்க. அலர்ட் சென்சார் அரை லூசு, ஜிம்மி நடந்தா "நபர் கண்டறியப்பட்டார்"ங்குது. கஸ்டமர் கேர்ல மூணு தடவை புகார் குடுத்தேன், மூணு தடவையும் ஆப்ப அழிச்சுட்டு திரும்பப் போடச் சொன்னாங்க. ராத்திரி படம் மட்டும் குறையே சொல்ல முடியாது, அகச்சிவப்பு வெளிச்சத்துல ரெண்டோட கண்ணும் பல்பு மாதிரி ஜொலிக்குது, மொத நாள் பயந்துட்டேன். கம்பெனி போட்டு வச்ச பாஸ்வேர்ட மறக்காம மாத்திடுங்க, வீட்டுக்குள்ள இருக்கற கேமரா அது.

நாய் மட்டும் வச்சிருக்கவங்களுக்கு 5க்கு 2 தான் குடுப்பேன், அந்த 2 கூட ஒரு காரணத்துக்காக: ஜிம்மிக்கு பழக்கம் குடுக்கறப்ப உதவுச்சு. மொதல்ல ஒரு நிமிஷம் வெளிய போய் திரும்பி வர்றது, அப்புறம் மூணு, அப்புறம் பத்து, எந்த நிமிஷத்துல பதட்டம் ஆரம்பிக்குதுன்னு பாத்து அதுக்குள்ள திரும்பிடணும். ரெண்டு மாசம் லீவெல்லாம் போட்டு பண்ணோம். ஊளை போயிடுச்சு, செருப்பு போகல. இப்ப காலைல அரை மணி நேரம் கூடுதலா நடக்கறோம், மதியம் தம்பி ஷிப்ட் மாத்திகிட்டு வீட்டுக்கு வந்துட்டுப் போறான். இது எதுவும் கேமராவால நடக்கல. பூனை வச்சிருந்தா 4.5, லிட்டர் பாக்ஸ் தெரியற மாதிரி மாட்டுங்க, வெக்கப்படாதீங்க.

எது பெஸ்ட்னு கேட்டா, நான் இன்னும் நாய்க் கட்சிதான், கதவு தொறந்ததும் அது வர்ற வரத்துக்கு ஈடே கெடையாது. ஆனா பகல் பூரா பூட்டிக் கெடக்கற வீட்டுக்கு நாய் வாங்கலாமான்னு யாராவது கேட்டா, மொத நாள் வீடியோவக் காட்டி பூனை வளங்கன்னு சொல்லிடறேன், நானே சொல்றேன்னு தம்பிக்கு தெரியாது.

இப்ப ஸ்பீக்கர் மியூட்ல, ட்ரீட் டப்பா காலி. இத எழுதறப்பவே ஒரு அலர்ட் வந்துச்சு, "நபர் கண்டறியப்பட்டார்". திருடனோன்னு பதறித் தொறந்தா ஸ்கிரீன் பூரா ரோமம். கேமரா கதகதப்பா இருக்குன்னு சுண்டு எப்படியோ மேல ஏறி, லென்ஸ மறைச்சு உக்காந்திருக்கு.