கோவையில் ஒன்பது வருஷம், அப்புறம் வாரம் ஒரு நாள்

எனக்குச் சொந்த ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. கேரளாவில் இருந்தாலும் வீட்டிலும் கடைத்தெருவிலும் பேச்சு தமிழ்தான். பள்ளியிலும் தமிழ் வழியில்தான் படித்தேன். ஐடிஐயில் டர்னர், அதாவது லேத்தில் கடைகிற வேலை படித்துவிட்டு 2008இல் கோயம்புத்தூர் கணபதியில் ஒரு பம்பு பட்டறையில் சேர்ந்து, 2017 வரை கோவையிலேயே குடியிருந்தேன். இப்போது ஊரில் சொந்தமாக மோட்டார் ரிப்பேர் கடை. சாமான் வாங்க வாரம் ஒரு நாள் கோவை போய் வருகிறேன். எங்கள் பக்கத்துப் பையன்கள் "அங்க போலாமாண்ணா?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

தொழில் பழக வேண்டுமென்றால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். கணபதியில் ஒரு தெருவில் வார்ப்புக்கான மாதிரி அச்சு, அதாவது பேட்டர்ன் செய்வார்கள், அடுத்த தெருவில் வார்ப்பு ஊற்றுவார்கள், எதிரே கடைசல், நாலு கடை தள்ளி மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங். ஒரு பம்பு உருவாவதை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை நடந்தே பார்த்துவிடலாம். என் பக்கத்து லேத்தில் வயதான டர்னர் ஒருவர் இருந்தார். நான் ஷாஃப்டில், அதாவது சுழலும் தண்டில், பேரிங் உட்காரும் இடத்தைக் கடைந்துகொண்டிருப்பேன். ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு கூடிப்போனாலும் பேரிங் ஏறாது, குறைந்துபோனால் ஷாஃப்டே வீண். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "தம்பி, டூல் கத்துது பாருங்க, தீட்டிட்டு வாங்க" என்பார். எடுத்துப் பார்த்தால் முனை மழுங்கியிருக்கும். காதால் வேலை பார்க்கலாம் என்பதை எனக்கு எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை. பதினெட்டு வயதுப் பையனையும் 'வாங்க, போங்க' என்று கூப்பிடுகிற மரியாதையும் அந்த ஊரில்தான் கண்டேன்.

கஷ்டமும் பட்டேன். 2012இல் தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு. கரண்ட் எப்போது வருகிறதோ அப்போதுதான் ஷிப்ட். நடுராத்திரி எழுந்து போய் லேத் ஓட்டியிருக்கிறேன். பீஸ் கணக்கில் கூலி என்பதால் அந்த வருஷம் வீட்டுக்கு ஒழுங்காகப் பணம் அனுப்ப முடியவில்லை. அதைவிட வலித்தது இன்னொன்று. முதல் பட்டறையில் மூன்று வருஷம் எனக்கு பி.எஃப்.பும் இல்லை, இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடும் இல்லை. கடையும்போது வரும் இரும்புச் சுருள் கிழித்து விரலில் ஏழு தையல் போட்ட அன்றைக்குத்தான் அது தெரிந்தது. கைக்காசுதான் போனது. தயவுசெய்து சேர்ந்த மாதமே கேளுங்கள், தம்பிகளா. இ.எஸ்.ஐ. எண் இருந்தால் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் செலவில்லாமல் பார்த்துக்கொள்ளலாம்.

வீடு தேடும்போது வாடகைக்கு முன்னால் தண்ணீரைக் கேளுங்கள். நான் முதலில் இருந்த லைன் வீட்டில் போர் தண்ணி தினமும் வரும். நல்ல தண்ணி எட்டு, பத்து நாளைக்கு ஒருமுறை. இன்றைக்குத் திறந்துவிடுவார்கள் என்று யாராவது சொன்னால் ஆறு குடும்பமும் குடத்தோடு விழித்திருக்கும். கல்யாணத்துக்கு அப்புறம் செல்வபுரத்துக்கு மாறியதே சிறுவாணித் தண்ணிக்காகத்தான். பட்டறைக்குப் போய்ச் சேர இரண்டு பஸ் மாற வேண்டியிருந்தது, பரவாயில்லை. அந்தத் தண்ணியில் சோறு வடித்துச் சாப்பிட்ட பிறகு வேறு தண்ணி பிடிக்காது.

சிறுவாணி அணை இருப்பது எங்கள் பாலக்காடு மாவட்டத்தில். எங்கள் சித்தூர் வயல்களுக்கோ தமிழ்நாட்டு ஆழியாற்றிலிருந்து தண்ணீர் வர வேண்டும். பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. எல்லையிலுள்ள மணக்கடவு தாண்டி வர வேண்டும். தண்ணீர் தாமதமானால் அப்பா நாற்றங்காலைப் பார்த்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். கோவையில் குடத்தோடு காத்திருந்த ராத்திரிகளில் எனக்கு அவர் ஞாபகம்தான் வரும். இரண்டு பக்கமும் எல்லைக்கு அந்தப் பக்கத்துத் தண்ணியை நம்பித்தான் பிழைக்கிறோம். எந்தப் பக்கம் யார் சண்டை இழுத்தாலும் எனக்கு மனசு கேட்பதில்லை.

இப்போது போய் வருவது வேறு மாதிரி. வேலந்தாவளம் வழியாக பஸ் பிடித்து உக்கடத்தில் இறங்குவேன். 2018இல் தொடங்கிய உக்கடம் மேம்பாலம் 2024 ஆகஸ்டில்தான் திறந்தது. நடுவில் இருந்த அத்தனை வருஷமும் அந்த இடத்தைத் தாண்டுவதற்குள் பாதிக் காலை போய்விடும். ஆனி, ஆடியில் போனால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நம் கூடவே வரும், மத்தியானத்திலும் வியர்க்காது. காட்டூரில் பேரிங், சீல் எல்லாம் ஒரு மணி நேரத்தில் வாங்கிவிடலாம். பழைய ஷாஃப்டைக் கையோடு கொண்டு போங்கள், அளவை வாயால் சொல்லாதீர்கள்.

சாமான் வாங்கியதும் கணபதிக்கு ஒரு நடை போவேன். பெரியவர் இப்போது வேலைக்கு வருவதில்லை. அவர் லேத்தில் ஒடிசாவிலிருந்து வந்த பையன் நிற்கிறான். போன மாதம் பேசிக்கொண்டிருந்தபோது அவன் டூல் கிறீச்சிட்டது. நான் வாய் திறப்பதற்குள் மெஷினை நிறுத்திவிட்டுத் தீட்டப் போய்விட்டான்.