பாலும் இல்லை, கறியும் இல்லை: நான்கு மாத கேரியர் சாப்பாடு

கெட்ட கொழுப்பு 162 என்று ரிப்போர்ட் வந்ததும், மாத்திரைக்கு முன்னால் சாப்பாட்டை மாற்றிப் பாருங்கள் என்றார் டாக்டர். மதுரை கே.கே. நகரில் எங்கள் ஆபீசுக்குப் பின்னால் ஒரு அக்காவும் அவர் மகளும் வீட்டில் சமைத்து மதியம் கேரியரில் கொடுத்தனுப்புகிறார்கள். கறி, மீன், முட்டை கிடையாது, பால், தயிர், நெய்யும் கிடையாது. ஒரு சாப்பாடு 110 ரூபாய். தயிர் இல்லாமல் சோறு இறங்குமா என்று பயந்துகொண்டேதான் சேர்ந்தேன்.

அதனால் முதலில் அந்த மோரைச் சொல்லிவிடுகிறேன். நிலக்கடலையை ஊறவைத்து, தோலை உருவி அரைத்து, பால் பிழிந்து காய்ச்சி, வெதுவெதுப்பாக இருக்கும்போதே பச்சை மிளகாயைக் காம்போடு போட்டு உறைய வைக்கிறார்கள். காலையில் அது தயிராகக் கெட்டியாகி நிற்கிறது, நானே போய்ப் பார்த்தேன். அதில் இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப்போட்டு மோராக்கித் தருகிறார்கள். முதல் வாய்க்குக் கடலை வாசம் லேசாகத் தெரியும், அப்புறம் தெரியாது.

மற்ற அடுக்குகளில் தட்டைப்பயறும் கத்தரிக்காயும் போட்ட குழம்பு, கொள்ளு ரசம், தினமும் ஒரு கீரை. செவ்வாயும் வெள்ளியும் அரிசிக்குப் பதில் சாமைச் சோறு. முருங்கைக்கீரையோடு ஒரு எலுமிச்சைத் துண்டு வரும். "பிழிஞ்சு சாப்பிடுங்கண்ணே, அப்பத்தான் இரும்புச்சத்து ஒட்டும். டீயை ஒரு மணி நேரம் கழிச்சுக் குடிங்க" என்று அந்த மகள் முதல் நாளே சொன்னது சரியான விஷயம், கீரையில் உள்ள இரும்பைப் புளிப்பு ஏற்றிவிடும், டீ தடுத்துவிடும்.

நான்கு மாதம் கழித்துப் பார்த்தால் 128. மாலையில் நடக்கவும் ஆரம்பித்திருந்தேன், அதற்கும் பங்கு உண்டு. ஆனால் பயறிலும் காயிலும் உள்ள கரையும் நார் குடலில் பித்தத்தைப் பிடித்து வெளியேற்றுவதால், புதுப் பித்தம் சுரக்க ஈரல் ரத்தத்திலிருந்து கொழுப்பை இழுத்துக்கொள்கிறது என்று டாக்டர் விளக்கியபோது எனக்கு அந்தக் கொள்ளு ரசம்தான் நினைவுக்கு வந்தது. வருஷக்கணக்காக இருந்த மலச்சிக்கல் மூன்றாவது வாரமே போய்விட்டது. மூன்று மணிக்கு மேசையில் தலை சாய்வதும் இல்லை.

முழுக்க இப்படி மாறுகிறவர்கள் பி12 வைட்டமினை மட்டும் விட்டுவிடாதீர்கள், அது செடிகொடிகளில் கிடைக்காது, மாத்திரையாகவோ அது சேர்த்த உணவாகவோ எடுக்க வேண்டும். வீட்டில் நான் காலையில் பால் காபி குடிக்கிறேன், இருந்தும் டாக்டர் ஒருமுறை பரிசோதிக்கச் சொன்னார்.

குறை என்றால், உருளை வறுவலில் எண்ணெய் அதிகம், சொன்னால் குறைத்துத் தருகிறார்கள். மழை பெய்தால் கேரியர் வர இரண்டேகால் ஆகிவிடுகிறது. ஞாயிறு லீவு. முதல் நாள் ராத்திரி எட்டு மணிக்குள் சொல்லிவிட வேண்டும், வெள்ளிக்கிழமை கருணைக்கிழங்கு மசியல் வேண்டுமென்றால் வியாழன் காலையிலேயே சொல்லி வையுங்கள், சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.