செக் என்ஜின் விளக்குக்கு ராக்கர் ஆர்ம் பில்: புதுச்சேரியில் எனக்கு நடந்தது

பழைய ஹோண்டா சிட்டி ஐ-விடெக் வைத்திருப்பவர்கள், அதுவும் கடலூரிலிருந்து புதுச்சேரி ஒர்க்‌ஷாப்புகளை நம்பி வண்டி கொண்டுபோகிறவர்கள், இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். ஸ்கேனரில் பி2646 என்ற பிழைக் குறியீடு வந்து, யாராவது “ராக்கர் ஆர்ம் (என்ஜின் வால்வைத் திறக்கும் நெம்புகோல்) போச்சு சார்” என்று சொன்னால் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் அளவு பார்க்கும் கம்பியை, உருவி ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். புதுச்சேரியில் ஒரு கடையில் என்னிடம் வாங்கியது 31,400 ரூபாய். கடைசியில் வண்டி சரியானது அதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாத செலவில்.

என் வண்டி 2011 மாடல், 1.5 லிட்டர் பெட்ரோல். புதுச்சேரி நகருக்குள் இருக்கும் ஒரு தனியார் ஒர்க்‌ஷாப்பில் ஆயில் சர்வீஸ் விட்டேன். பெயரைப் போடவில்லை, வழக்கு நடக்கிறது. சில வாரம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் ஒருநாள் அரியாங்குப்பம் பாலத்தில் முன்னால் போன டெம்போவைத் தாண்ட மிதித்தபோது, என்ஜின் நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றைத் தாண்டியதும் வண்டி திணறியது. செக் என்ஜின் விளக்கும் எரிந்தது. மெதுவாக ஓட்டினால் ஒரு குறையும் தெரியாது. மிதித்தால் மட்டும் இழுவை இல்லை.

அதே ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். ஓனர் ஸ்கேனரைச் சொருகி டேப்லெட்டை என் பக்கம் திருப்பினார். திரையில் ‘ராக்கர் ஆர்ம் ஆக்சுவேட்டர் சிஸ்டம்’ என்று இருந்தது உண்மைதான். “பார்த்தீங்களா சார், மெஷினே சொல்லுது. ராக்கர் ஆர்ம் அவுட். ஹெட்டை இறக்கணும். விட்டா வால்வு வளைஞ்சு என்ஜினே போயிடும்” என்றார். ஹெட் என்றால் வால்வுகள் இருக்கும் என்ஜினின் மேல்பகுதி.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஐ-விடெக் என்ஜினில் கேம்ஷாஃப்ட்டுக்கும் (வால்வுகளை அசைக்கும் கேம் என்ற மேடுகள் உள்ள தண்டு) வால்வுக்கும் நடுவில் இருக்கும் ராக்கர் ஆர்ம்கள் எப்போதும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. குறைந்த வேகத்தில் பக்கத்துப் பக்கத்து ஆர்ம்கள் தனித்தனியாக அசையும். சுற்று கூடியதும் என்ஜின் கணினி ஒரு சாலினாய்டைத் (மின்சாரத்தில் இயங்கும் ஆயில் வால்வு) திறக்கும். ஆயில் அழுத்தத்தோடு ராக்கருக்குள் போய், அங்கிருக்கும் சின்னப் பின்னைத் தள்ளி, தாழ்ப்பாள் போட்டதுபோல இரண்டையும் பூட்டிவிடும். அப்போது பெரிய கேமின் அசைவு வால்வுக்குப் போய்ச் சேரும், இழுவை கிடைக்கும். இதே வித்தையைத் திருப்பிப் போட்டு, பூட்டை விடுவித்து வால்வைத் திறக்கவிடாமல் செய்தால் அந்தச் சிலிண்டரையே தூங்க வைக்கலாம். ஹோண்டாவின் வி6 என்ஜின்களில் பெட்ரோல் மிச்சம் பிடிப்பது இப்படித்தான். 2008-இல் இங்கே வந்த சிவிக் ஹைப்ரிட்டிலும், வண்டி வேகம் குறையும்போது சிலிண்டர் வால்வுகள் மூடியே இருக்கும். (ஃபோக்ஸ்வாகன் டைகுன், ஸ்கோடா ஸ்லாவியா 1.5 டிஎஸ்ஐ வைத்திருப்பவர்கள் குழம்ப வேண்டாம். அதிலும் இரண்டு சிலிண்டர் தூங்கும். ஆனால் அங்கே நகர்வது கேம்ஷாஃப்ட் மேல் இருக்கும் ஸ்லீவ். அந்த வண்டிக்கு இந்தக் காரணம் சொல்லி யாராவது ராக்கர் மாற்றச் சொன்னால் வேறு ஒர்க்‌ஷாப்பைப் பாருங்கள்.)

ஆக எல்லாம் ஆயிலை நம்பித்தான் நடக்கிறது. பி2646 சொல்வதும் அதைத்தான்: சாலினாய்டைத் திறக்கச் சொன்னேன், வர வேண்டிய ஆயில் அழுத்தம் வந்ததாகப் பிரஷர் சுவிட்ச் சொல்லவில்லை. அவ்வளவுதான். ஆயில் குறைந்திருக்கலாம், கசடாகி இருக்கலாம், சாலினாய்டுக்கு அடியில் இருக்கும் சல்லடை அடைத்திருக்கலாம், சுவிட்ச்சோ சாலினாய்டோ கெட்டிருக்கலாம். இதையெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் ராக்கர் ஆர்ம் பக்கமே போக வேண்டும். அப்படியே ராக்கரைக் கழற்றுவதென்றாலும் ஹெட்டை இறக்கத் தேவையில்லை. மேலே இருக்கும் டேப்பட் கவரைக் கழற்றினால் ராக்கர் அது கோத்திருக்கும் தண்டோடு (சாஃப்ட்) வந்துவிடும்.

ஓனர் டிப்ஸ்டிக்கை உருவிக்கூடப் பார்க்கவில்லை. வண்டி அங்கேயே கிடந்தது. பார்ட்ஸ் சென்னையிலிருந்து வரணும் என்றார். வண்டியை எடுக்கப் போனபோது பில்லில் ‘ராக்கர் ஆர்ம் அசெம்பிளி, ஹெட் ஓவர்ஹால் லேபர், ஃபுல் சிந்தெடிக் ஆயில்’ என்று எழுதி முத்திரை குத்தியிருந்தது. ஜிஎஸ்டி எண் இல்லை. பழைய பார்ட்ஸைக் கேட்டேன். முகம் சுருங்கினாலும், ஒரு அட்டைப் பெட்டியில் நாலைந்து ராக்கரைப் போட்டுக் கொடுத்தார். விளக்கு அணைந்திருந்தது, வண்டியும் இழுத்தது. பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன்.

கொஞ்ச நாளில் அதே திணறல், அதே விளக்கு. ஓனருக்குப் போன் போட்டால், “வேற ஏதாச்சும் சென்சாரா இருக்கும், கொண்டு வாங்க சார், பார்க்கலாம். சார்ஜ் தனி” என்றார். அந்த ‘சார்ஜ் தனி’ என்ற பேச்சைக் கேட்டபிறகு அங்கே போக மனம் வரவில்லை.

திருப்பாதிரிப்புலியூரில் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார், வயதானவர். வண்டியை நிறுத்தியதும் அவர் முதலில் செய்தது டிப்ஸ்டிக்கை உருவியது. ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது. “தம்பி, இது என்ன ஆயில், இவ்வளவு கெட்டியா?” என்றார். அப்புறம் சாலினாய்டைக் கழற்றினார். அதன் சல்லடையில் கறுப்புக் கசடு அப்பியிருந்தது. டேப்பட் கவரையும் திறக்கச் சொன்னேன். உள்ளே எல்லா ராக்கரிலும் ஒரே மாதிரி பழுப்பு ஏறியிருந்தது. கவர் மூலையில் போட்டிருந்த சீலன்ட் கெட்டியாகி, கை படாமல் அப்படியே கிடந்தது. புதுசு என்று சொல்ல அதில் ஒரு போல்ட்கூட இல்லை.

பெட்டியைக் காட்டினேன். ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தவர் சிரித்துவிட்டார். “இது ஸ்விஃப்ட் டீசல் ராக்கர்ப்பா. சிட்டி ராக்கர்னா நடுவுல சாஃப்ட் போற ஓட்டை இருக்கணும். இதுல எங்க இருக்கு?” என்றார். உண்மைதான். டீசல் ஸ்விஃப்ட் ராக்கர் ஒரு முனையில் டேப்பட் மேல் உட்காரும் வகை. அதில் சாஃப்ட் ஓட்டையும் கிடையாது, ஆயில் தள்ளும் பின்னும் கிடையாது. எங்கோ குப்பையில் கிடந்ததை எடுத்து எனக்கு ‘உங்க பழைய பார்ட்ஸ்’ என்று கட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

முதல் தடவை வண்டி ஏன் சரியானது என்பதும் அப்போதுதான் புரிந்தது. ஆயிலை நிரப்பி, ஸ்கேனரில் அந்தப் பிழைக் குறியீட்டை அழித்துவிட்டார்கள். ஆயில் மறுபடி இறங்கியதும் பழைய கதை. பில்லில் இருந்த ஃபுல் சிந்தெடிக் என்ன என்று அந்த ஒர்க்‌ஷாப் பையனிடம் கேட்டதற்கு, “டிரம் ஆயில்தான்ணா ஊத்துவாங்க எல்லாத்துக்கும்” என்று சொல்லிவிட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

மெக்கானிக் அண்ணன் சல்லடையோடு வரும் கேஸ்கெட்டை மாற்றினார், சாலினாய்டைக் கழுவினார், கையேட்டில் சொன்ன கிரேடு ஆயிலை என் கண் முன்னே சீல் உடைத்து ஊற்றினார். விளக்கு அதற்குப் பிறகு எரியவில்லை. கவரைத் திறந்தபோது எடுத்த வீடியோவும், அவர் கைப்பட எழுதிக் கொடுத்த குறிப்பும் என்னிடம் இருக்கின்றன.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது ஓனர் “எங்க வேணா போய்ச் சொல்லுங்க” என்றார். சரி என்று போனேன். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பேசினேன். அது சமரசத்துக்கு முயற்சி செய்யும், அதற்குமேல் அங்கே தீர்ப்பு எதுவும் வராது. பலருக்குத் தெரியாத ஒன்று: கடை புதுச்சேரியில் இருந்தாலும் புகாரைப் புதுச்சேரியில்தான் போட வேண்டும் என்றில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். சேவைக்கு நீங்கள் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வக்கீல் இல்லாமலும் நடத்தலாம். நான் கடலூரிலேயே போட்டிருக்கிறேன்.

நோட்டீஸ் போனதும் ஓனர் குரல் மாறிவிட்டது. “பாதி வாங்கிக்குங்க சார், எதுக்கு அலையணும்” என்று தெரிந்தவர் மூலமாகச் சொல்லி அனுப்பினார். முழுப் பணமும், பொய் பில் என்று எழுத்தில் ஒப்புதலும் கொடுத்தால் வாபஸ் வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டேன். இதுவரை பதில் இல்லை. அந்த ஸ்விஃப்ட் ராக்கர்கள் பெட்டியோடு என்னிடம்தான் இருக்கின்றன, அடுத்த வாய்தாவுக்கு எடுத்துப் போக வேண்டும்.