புயலில் ரத்தான விமானம்: தேதி மாற்றம் எளிது, பணம் திரும்புவதுதான் பெரும்பாடு

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலால் மூடப்பட்ட சென்னை விமான நிலையம் மறுநாள் அதிகாலையில்தான் திறந்தது. மூடப்பட்ட 30ஆம் தேதி மாலையே புனேவில் இருக்கும் மகள் வீட்டுக்குச் செல்ல நானும் என் மனைவியும் பயணச்சீட்டு எடுத்திருந்தோம். ஆந்திர எல்லையோரத்தில் உள்ள எங்கள் ஊரான நகரியிலிருந்து கிளம்பித் திருவள்ளூரைத் தாண்டிய பிறகே, விமானம் ரத்து என்ற குறுஞ்செய்தி வந்தது. அந்த மழையில் விமானத்தை இயக்காததற்காக நிறுவனத்தின் மீது எனக்கு வருத்தமில்லை. உயிரைவிடப் பயணம் பெரிதல்ல.

தேதி மாற்றத்துக்குக் கட்டணம் கேட்கவில்லை என்பதை நன்றியுடன் குறிப்பிட வேண்டும். ஆனால் எங்களுக்குச் சென்னையைவிட அருகில் ரேணிகுண்டாவில் உள்ள திருப்பதி விமான நிலையத்திலிருந்து ஹைதராபாத் வழியாக அனுப்ப முடியுமா என்று கேட்டதற்கு, புறப்படும் ஊரை மாற்ற இயலாது என்று கூறிவிட்டார்கள். எல்லையோர ஊர்க்காரர்களுக்கு இந்த ஒரு சலுகை எவ்வளவு உதவியிருக்கும்!

பயணத்தைக் கைவிட்டுப் பணத்தைக் கேட்டபோதுதான் உண்மையான சிக்கல் தொடங்கியது. செயலியில் 'தொகையை அடுத்த பயணத்துக்கு வரவு வைக்க' என்ற பொத்தான் திரையின் பாதியை அடைத்து நீல நிறத்தில் நிற்கிறது. 'பணம் திரும்பப் பெற' என்பது அடிவரை தள்ளிப் பார்த்தால் மட்டுமே தெரியும் வெளிறிய சிற்றெழுத்தில் இருக்கிறது. வாடிக்கையாளர் சேவையிலோ, இயற்கைச் சீற்றம் என்பதால் பணம் கிடையாது என்றார்கள்.

இது தவறு. சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதிப்படி, முன்னறிவிப்பின்றி ரத்து செய்தால், பயண நேரத்தைப் பொறுத்து 5,000 முதல் 10,000 ரூபாய் வரை தரவேண்டிய இழப்பீட்டிலிருந்துதான் மோசமான வானிலை விலக்கு அளிக்கிறது. பறக்காத பயணத்துக்கு வாங்கிய கட்டணம் இழப்பீடு அல்ல, அது நம் பணம். மாற்று விமானம் வேண்டாம் என்றால் அதைத் திருப்பித் தந்தாக வேண்டும். வரவாக வைத்துக்கொள்வதும் பயணியின் விருப்பமே தவிர, நிறுவனம் திணிக்கக்கூடியதன்று. கடன் அட்டையில் செலுத்தியிருந்தால் 7 நாள்களுக்குள் திரும்ப வேண்டும்.

இவற்றைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பிய பின், 12ஆம் நாள் கட்டணம் வந்தது. பதிவின்போது வாங்கிய வசதிக் கட்டணம் மட்டும் இன்றுவரை வரவில்லை. இருக்கைகளும் நேரந்தவறாமையும் நன்றாகவே இருப்பதால் கோடையில் இவர்களிடம் தயங்காமல் பதிவு செய்வேன். ஐப்பசி, கார்த்திகையில் செய்ய மாட்டேன்.