ஃபேரிங் உடைந்தால்: கம்பெனி பேனலா, ஆன்லைன் கிட்டா, ஒட்டு வேலையா?

ஆர்15, ஜிக்சர் எஸ்எஃப், ஆர்எஸ்200, ஆர்சி200 மாதிரி உடம்பு மூடிய வண்டி மெதுவாகச் சரிந்து விழுந்தாலே போதும். இன்ஜின் தப்பித்துவிடும், வண்டியை மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறையான ஃபேரிங்கின் காதுகள் (போல்ட் மாட்டும் நீட்டல்கள்) முறிந்துவிடும். டெல்டாவில் சரிந்து விழக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. நடவு நேரத்தில் டிராக்டரின் கேஜ் வீல் (சேற்று வயலில் ஓட்டும் இரும்புச் சக்கரம்) தார் ரோட்டில் கொட்டிப் போன வண்டல் சேறு, அறுவடை முடிந்ததும் ரோட்டில் காயும் நெல், அதற்குப் பின் பரப்பி வைக்கும் உளுந்துச் செடி என்று வருஷம் முழுக்க ஏதாவது ஒன்று இருக்கும்.

அடுத்து என்ன செய்வது? கம்பெனி பேனல் வாங்கலாம், ஆன்லைனில் எல்லாப் பேனலும் சேர்ந்த மலிவு கிட் எடுக்கலாம், ஃபைபர் கிளாஸ் பேனல் போடலாம், உடைந்ததையே ஒட்டலாம், பழைய சாமான் தேடலாம். எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஹெட்லைட்டையும் மற்ற பேனல்களையும் தாங்கி நிற்கிற முன்மூக்கு, நடுப் பக்கப் பேனல் இரண்டுக்கும் கம்பெனி சாமான்தான். தேய்ந்து உரசி அடிபடுகிற பெல்லி பேன் (இன்ஜினுக்கு அடியில் வரும் மூடி), வைசர் (முன்பக்கக் காற்றுத் தடுப்பு), டெயில் கவர் ஆகியவற்றை ஆன்லைனில் வாங்கலாம். முழு கிட்டையும் ஆன்லைனில் எடுப்பது, கம்பெனியில் சாமான் வருவது நின்றுபோன வண்டிக்கு மட்டும்.

எந்த வழியில் போனாலும், ஆர்டர் போடும் முன், முன்மூக்கைத் தாங்கும் முன்பக்க ஸ்டே பிராக்கெட்டைப் பாருங்கள். வண்டி விழும்போது அந்த மெல்லிய குழாய்தான் முதலில் வளையும். உடைந்த பேனலைக் கழற்றிவிட்டு, ஃப்ரேம் கழுத்தில் அசையாத ஒரு புள்ளியிலிருந்து இடது, வலது மவுண்ட் ஓட்டைகளுக்கு டேப் வைத்து அளக்கவும். இரண்டு பக்கமும் ஒரே அமைப்பில் உள்ள வண்டியில் 3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் பிராக்கெட் வளைந்திருக்கிறது. அதை நிமிர்த்தாமல் எவ்வளவு விலை கொடுத்த பேனலை மாட்டினாலும் ஓட்டை சேராது. இழுத்துப் பிடித்து முடுக்கினால் சில வாரத்தில் அதே காது மறுபடி முறியும். பேனல் மேல் பழி விழும், குற்றம் பிராக்கெட்டில் இருக்கும்.

கம்பெனி பேனலின் விலை பலரையும் பயமுறுத்துகிறது. ஆனால் விலையை மட்டும் பார்த்து ஆன்லைன் பக்கம் ஓடும் முன் பாலிசித் தாளை எடுத்துப் பாருங்கள். சாதாரண முழு இன்சூரன்ஸில் பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள், ஃபைபர் கிளாஸ் பாகத்துக்கு 30 சதவீதம். ஜீரோ டெப்ரிசியேஷன் சேர்த்திருந்தால் இந்தக் கழிவு இல்லை. பேனல்கள் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், சாதாரண பாலிசியில் பாதி உங்கள் கையிலிருந்து போகும். ஜீரோ டெப் இருந்தால் கட்டாயக் கழிவு போன்ற சில்லறைச் செலவுதான். கிளெய்ம் போட்டால் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும் என்பது உண்மைதான். அது ஓராண்டுக்கு 20 சதவீதத்தில் தொடங்கி ஐந்தாண்டில் 50 சதவீதம் வரை ஏறும். ஆனால் அந்தத் தள்ளுபடி சொந்த சேத பிரீமியத்துக்கு மட்டுமே, தேர்ட் பார்ட்டிக்கு இல்லை. சொந்த சேதப் பகுதி 1,000 ரூபாய் என்றால் 20 சதவீதம் என்பது 200 ரூபாய். கணக்குப் போட்டுப் பார்த்தால் பல நேரம் கம்பெனி பேனலே மலிவாக முடியும். இன்சூரன்ஸ் சர்வேயர் பார்க்கும் முன் உடைந்த துண்டைத் தூக்கி எறியாதீர்கள்.

ஆன்லைன் கிட்டில் நல்லதும் உண்டு, குப்பையும் உண்டு. படத்தில் வெளிப்பக்கப் பளபளப்பு எல்லாவற்றிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும், தரம் உட்பக்கத்தில் தெரியும். விற்பவரிடம் உட்பக்கப் படம் கேளுங்கள். இன்ஜெக்ஷன் மோல்டிங்கில் (உருக்கி அச்சில் வார்த்து) செய்த ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக் பேனலில் காதுக்கு அடியில் முட்டுக் கொடுத்த விலா வரிகள் இருக்கும், தடிமன் சீராக இருக்கும், பொருளின் பெயர் எழுத்தாகவே அச்சாகியிருக்கும். உட்பக்கம் வழவழவென்று விலா எதுவும் இல்லாமல், காது தனியாக ஒட்டியிருந்தால் வேண்டாம். வண்டியின் வெர்ஷனையும் கேட்டு உறுதி செய்யுங்கள். ஆர்15 வி2, வி3, வி4 மூன்றும் ஒன்றுக்கொன்று சேராது. ‘எல்லா ஆர்15-க்கும் பொருந்தும்’ என்று போட்டிருந்தால் அந்தக் கடையைத் தாண்டிப் போய்விடுங்கள்.

பார்சல் வந்ததும் பிரிப்பதை வீடியோ எடுத்து வையுங்கள். ஓட்டை போட்டாலோ பெயிண்ட் அடித்தாலோ திருப்பி எடுக்க மாட்டார்கள். ஆகவே ஒரு போல்ட்டுகூட முடுக்காமல், எல்லாப் பேனலையும் வண்டியில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இறக்குமதி கிட் என்றால் சாமான் விலையோடு அனுப்பும் செலவையும் சேர்த்துத்தான் சுங்க வரி போடுவார்கள். பெரிய பெட்டிக்கு இது நன்றாகவே கடிக்கும்.

பெட்டியில் வராத சின்னச் சாமான்கள்தான் வேலையைக் கெடுக்கும். கிளிப் நட், ரப்பர் குரோமெட், போல்ட்டுக்குள் நிற்கும் உலோகக் காலர், பிளாஸ்டிக் புஷ் ரிவெட் ஆகியவற்றைப் பழைய பேனலிலிருந்து பத்திரமாகக் கழற்றி எடுங்கள். உடைந்திருந்தால் கம்பெனி கவுன்ட்டரில் உதிரியாகக் கிடைக்கும். காலர் இல்லாமல் போல்ட்டை முடுக்கினால் தலை நேராகப் பிளாஸ்டிக்கை நசுக்கும், ஓட்டையைச் சுற்றி நட்சத்திரம் போல விரிசல் விழும்.

மாட்டும் முறை இதுதான். முன்மூக்கு முதலில், பக்கப் பேனல்கள் அடுத்து, பெல்லி பேன் கடைசி. எல்லா போல்ட்டையும் கையால் மூன்று நான்கு மரை மட்டும் ஏற்றி நிறுத்துங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடுக்கிவிட்டு மறுபக்கம் போனால் கடைசி ஓட்டை கட்டாயம் தள்ளி நிற்கும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் சேரவில்லையென்றால் உருண்டை அரத்தால் ஓட்டையை நீளவாக்கில் தேய்க்கவும். இழுத்து வைத்து முடுக்கக் கூடாது. வளைவு சரியில்லாத ஓரத்தை ஹேர் டிரையரால் மெதுவாகச் சூடேற்றி வளைக்கலாம். ஏபிஎஸ் ஏறத்தாழ 100 டிகிரியில் இளகிவிடும், ஹீட் கன்னை ஒரே இடத்தில் காட்டினால் குழி விழும்.

ஓட்டையில் ஏன் தளர்வு வேண்டும் என்பதற்கு நம் வெயிலே கணக்கு. 600 மில்லிமீட்டர் நீள ஏபிஎஸ் பேனல், 40 டிகிரி சூடு கூடினால் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீளும். கார்த்திகை மழைக்காலையில் இறுக்கமாக மாட்டிய கறுப்புப் பேனல், சித்திரை மதியம் புது பஸ் ஸ்டாண்டு வெளியே நிற்கும்போது நீள இடமில்லாமல் காதைத்தான் உடைக்கும். போல்ட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் 1 மில்லிமீட்டர் இடம் விடுங்கள்.

போல்ட் கழன்றுவிடுமே என்று மரையில் திரெட் லாக்கர் விடுபவர்கள் உண்டு. பிளாஸ்டிக் பக்கம் அதைக் கொண்டுபோகவே கூடாது. அந்தத் திரவம் பட்ட ஏபிஎஸ் நுணுக்கமாக வெடித்துப் பொடியும். பெட்ரோலும் பிரேக் ஆயிலும் அப்படித்தான். பிடிமானத்துக்கு ரப்பர் வாஷரே போதும். நாகை, வேளாங்கண்ணி, காரைக்கால் பக்கம் ஓடும் வண்டிக்கு ஸ்டெயின்லெஸ் போல்ட் நல்லது, மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவிப் போடுங்கள்.

கடைசியாக ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி வயரும் கேபிளும் இழுபடுகிறதா என்று பாருங்கள். முன் பிரேக்கைப் பிடித்து ஃபோர்க்கை அமுக்கி, மட்கார்டு பேனலில் தட்டுகிறதா என்றும் பாருங்கள். சைலன்சர் பெண்டுக்குப் பக்கத்தில் வரும் உட்பக்கத்தில் அலுமினிய ஹீட் ஷீட் ஒட்டுவது அவசியம், மலிவு கிட்டில் பெரும்பாலும் அது இருக்காது. 100 கிலோமீட்டர் ஓடியபின் எல்லா போல்ட்டையும் ஒருமுறை தொட்டுப் பார்க்கவும்.

ஃபைபர் கிளாஸ் பேனல் வேறு ஜாதி. ஓட்டையே போடாமல் வரும், ஓரம் சீராக இருக்காது, அதிர்வில் போல்ட் இடத்தில் கீறும். துளை போடும்போது பறக்கும் தூசி நுரையீரலுக்குக் கெடுதல், மாஸ்க் இல்லாமல் தொடாதீர்கள். ஆனால் கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஃபைபர் படகு பழுது பார்க்கும் இடங்களில் இதே ரெசினும் மேட்டும் கிடைக்கும், எத்தனை முறை உடைந்தாலும் ஒட்டித் தருவார்கள். அதே ரெசினைக் கம்பெனி பிபி (பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக்) பேனலில் பூசினால் மட்டும் உரிந்து வந்துவிடும்.

ஒட்டு வேலையில் எல்லாமே அந்தப் பொருளைப் பொறுத்தது. பேனலின் உட்பக்கம் ஏபிஎஸ் அல்லது பிபி என்று அச்சாகியிருக்கும். எழுத்து இல்லையென்றால் ஒரு சில்லைத் தண்ணீரில் போடுங்கள். பிபி மிதக்கும், ஏபிஎஸ் மூழ்கும். ஏபிஎஸ் என்றால் வேலை சுலபம். விரிசலின் முனையில் 2 அல்லது 3 மில்லிமீட்டர் ஓட்டை போட்டால் அது மேலும் ஓடாது. உட்பக்கம் வி வடிவில் கீறி, ஸ்டீல் வலையைச் சூடான சால்டரிங் அயர்னால் அமுக்கிப் பதியுங்கள். அதே பிளாஸ்டிக் சில்லுகளை அசிட்டோனில் கூழாகக் கரைத்து மேலே பூசி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு உப்புத்தாள் போடுங்கள். பிபி பேனலில் இந்தக் கூழோ எம்-சீலோ பெவிக்விக்கோ நிற்காது. பிபி ராடு வைத்து வெல்டிங் செய்யும் பட்டறைக்கே போக வேண்டும். உடைந்த துண்டு கையில் இருந்து, காது ஒன்றிரண்டுதான் போயிருக்கிறது என்றால், ஆன்லைனில் தேடும் முன் இதைச் செய்து பார்ப்பதுதான் சரி.

பழைய சாமான் சந்தையில் கிடைக்கும் கம்பெனி பேனல், காது முழுசாக இருந்தால் எந்தப் புது மலிவு கிட்டையும் விட நன்றாகச் சேரும். பெயிண்ட் செலவைச் சேர்த்துப் பேரம் பேசுங்கள். ஆர்சியில் நிறம் பதிவாகியிருக்கிறது என்பதும் நினைவிருக்கட்டும். கறுப்பு வண்டிக்கு முழுக்கச் சிவப்புக் கிட் மாட்டினால் ஆர்டிஓ அலுவலகத்தில் மாற்றிப் பதிய வேண்டும்.

பெல்லி பேனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ரோட்டில் பரப்பிய உளுந்துச் செடி, வைக்கோல் மேல் ஓட்டினால் காய்ந்த சருகு பேனுக்குள் சேரும், பக்கத்திலேயே சைலன்சர் பெண்டு கொதித்துக்கொண்டிருக்கும். அடியில் ஓட்டை இல்லாத மலிவு பெல்லி பேனில் மழைத் தண்ணீரும் தேங்கும், சேறும் இறுகும். வாங்கியதும் தாழ்வான இடத்தில் 10 மில்லிமீட்டர் ஓட்டை இரண்டு போடுங்கள். மாசி, பங்குனியில் வாரம் ஒருமுறை உள்ளே கைவிட்டுச் சருகை எடுத்துவிடுங்கள். புகை வாசனை வந்தால் அங்கேயே ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துங்கள்.