லாகில் கூட்டம், அனலிட்டிக்ஸில் காற்று: எதை நம்புவது?

தெற்கு மாசி வீதியில் சுங்குடிச் சேலை விற்கும் ஒருவர் தன் கடை சைட்டைப் பற்றிக் கேட்டார்: “ஏண்ணே, சர்வர் லாகுல கூட்டம் அள்ளுது, அனலிட்டிக்ஸ்ல ஆளையே காணோம். எது பொய்?” லாக் என்பது சர்வர் எழுதும் வருகைப் பதிவேடு, அனலிட்டிக்ஸ் என்பது சைட்டுக்கு வருகிறவர்களை எண்ணும் கருவி. இரண்டுமே பொய்யில்லை. எண்ணுகிற இடம்தான் வேறு.

அனலிட்டிக்ஸ் டேக் என்பது பக்கத்தில் ஒட்டிய ஜாவாஸ்கிரிப்ட். பிரவுசர் அதை ஓட்டினால்தான் கணக்கு ஏறும். பல பாட்கள், அதாவது ஆளில்லாமல் தானாகப் பக்கங்களை மேயும் நிரல்கள், பக்கத்தின் மூல எழுத்தான எச்டிஎம்எல்லை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும். கூகுள் தேடலுக்காகப் பக்கம் படிக்கும் கூகுள்பாட் அப்படியில்லை, 2019 மே முதல் குரோம் பிரவுசருக்கு அடிப்படையான குரோமியத்தின் புதுப் பதிப்பில் பக்கத்தை முழுசாக ஓட்டிப் பார்க்கிறது. ஆனாலும் உள்ளடக்கத்துக்குத் தேவையில்லாத அனலிட்டிக்ஸ் அழைப்புகளை அது தவிர்த்துவிடலாம். மிஞ்சி வந்தாலும் கூகுள் அனலிட்டிக்ஸ் 4 தெரிந்த பாட்களைத் தானே கழித்துவிடும். எத்தனை கழித்தது என்று சொல்லாது, கழிக்காதே என்றும் சொல்ல முடியாது. எனக்கு இதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு. விளம்பரத் தடுப்பான் வைத்திருக்கும் நிஜ வாடிக்கையாளரும் இதில் விழாமல் போகலாம்.

லாக் வேறு ரகம். யார் கதவைத் தட்டினாலும் ஒரு வரி: நேரம், ஐபி (வந்தவரின் இணைய முகவரி எண்), கேட்ட பக்கம், வந்தவர் சொன்ன பெயர். சித்திரைத் திருவிழாவுக்குப் போட்ட தள்ளுபடிப் பக்கத்தைக் கூகுள் வந்து பார்த்ததா? டேகிடம் கேட்டுப் பயனில்லை, லாகில் இருக்கும். ஒரே சிக்கல், ‘கூகுள்பாட்’ என்று எவனும் பெயர் போட்டுக்கொண்டு வரலாம். அந்த ஐபியை, எண்ணிலிருந்து பெயரைச் சொல்லும் ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸில் தேடி, கூகுள்பாட் டாட் காம் அல்லது கூகுள் டாட் காமில் முடிகிற பெயர் வருகிறதா, அந்தப் பெயர் திரும்ப அதே ஐபிக்குப் போகிறதா என்று பார்த்தால் குட்டு உடைந்துவிடும்.

 

வாட்ஸ்அப்பில் அனுப்பும் லிங்கில், எங்கிருந்து வந்தார்கள் என்று காட்டும் யூடிஎம் குறியை ஒட்டுவது சரிதான். அதையே சைட்டின் உள் மெனுவிலும் ஒட்டினால் ஒரே சேலைப் பக்கம் பாட்களின் கண்ணுக்குப் பல முகவரியாகத் தெரியும். இதுதான் அசல் முகவரி என்று சொல்லும் கனானிக்கல் டேக் போட்டாலும் பாட்களின் வீண் சுற்று முழுக்க நிற்காது.

விற்பனைக்கு டேக், பாட் நடமாட்டத்துக்கு லாக் என்பதே என் தேர்வு. ஹோஸ்டிங்காரர் லாக் தராவிட்டால் சைட்காரர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் கிரால் புள்ளிவிவரம், அதாவது பாட் வந்து படித்த கணக்கு, இருக்கிறது. கடைசி 90 நாள் கிடைக்கும். ஆனால் கூகுளின் வரவு மட்டும்தான், பிங் தேடலின் பாட் அதில் வராது.